நிக்காது

காலுறை வழியாகக் குளிர் ஏறியது. கல்லின் குளிர் வேறு, கான்கிரீட்டின் குளிர் வேறு. கண்ணைக் கட்டிவிட்டுக் கேட்டாலும் சிவசைலத்தின் பாதம் சொல்லிவிடும், முப்பத்தெட்டு வருஷம் காய்ந்த தளத்திலும் காயாத தளத்திலும் நடந்து பழகிய இஞ்சினியர் பாதம். வாசலில் வெள்ளைக் கோட்டுப் போட்ட பெண் ஒருத்தி ஷூவைக் கழற்றச் சொல்லி, செல்போனை அணைக்கச் சொல்லி, படம் எடுக்கக் கூடாது பேசக் கூடாது என்று சைகையிலேயே சொல்லி, ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை குனிந்து, உள்ளே அனுப்பியிருந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை. சித்திரம் இல்லை, சிலை இல்லை. மலைச்சரிவுக்குள் பாதி புதைந்த ஒரு பெரிய வெள்ளைக் கூடம், சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று பிரித்துச் சொல்ல முடியாத வளைவு, உச்சியில் திறந்து கிடக்கும் ஒரு பெரிய வட்டம். கண்ணாடி இல்லை, வலை இல்லை, நேரே ஆகாயம். பத்துப் பன்னிரண்டு பேர் ஆங்காங்கே தரையில் உட்கார்ந்தும் மல்லாந்தும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எதிர்ப்பக்கம் மகள் கோமதி முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஜப்பானில் ஒகயாமாவில் ஆராய்ச்சி வேலை. அம்மா மூட்டுவலி என்று வீட்டிலேயே இருந்துவிட, அப்பாவை மட்டும் காலையில் ரயிலேற்றிப் பிறகு படகேற்றி, ஓவியமும் சிலையும் கட்டடமும் பார்க்கவென்றே உலகமெல்லாம் வந்து இறங்குகிற இந்தத் தீவுக்குக் கூட்டி வந்திருந்தாள். தூண் இல்லை. சிவசைலம் அதைத்தான் முதலில் பார்த்தார். மற்றதெல்லாம் பிறகுதான் கண்ணில் பட்டது.

இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரத்துக்கு நாற்பத்தாறு தப்படி, அவர் தப்படி இரண்டரை அடி, நூற்றுப் பதினைந்து அடி. உட்காருவதற்கு இடம் தேடுகிறவர் மாதிரி நடந்து அளந்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். ஓட்டையின் விளிம்பு கனம் பத்து அங்குலம் இருக்கும், அதற்கு மேல் இருக்காது. நூற்றுப் பதினைந்து அடிக்குப் பத்து அங்குலம். அந்தக் காலத்தில் கூட்டாளி நாதன் கேட்டது வெறும் ஐம்பத்திரண்டு அடி. இதில் பாதிகூட இல்லை. இதில் பாதிகூட இல்லை என்று மனசு இன்னொரு தடவை சொன்னது, மாவு மெஷின் பெல்ட் ஒரே இடத்தில் தட்டித் தட்டிச் சுற்றுவது போல. பின்னால் சுவர் முதுகைத் தொட்டது. கை தானாகப் போய் விரல் முட்டியால் தட்டிப் பார்த்தது, டொக் டொக் என்று, பொள்ளல் இல்லாத நல்ல சத்தம். உடனே எங்கிருந்தோ ஒரு வெள்ளைக் கோட்டுப் பெண் சத்தமில்லாமல் வந்து குனிந்து, தொட வேண்டாம் என்று இரண்டு கையையும் லேசாக ஆட்டினாள். சாரி, சாரி. பக்கத்தில் தொப்பி போட்ட ஒரு ஜப்பான் கிழவர் சிரித்தபடி, தானும் அப்படித்தான் செய்தேன் என்கிற மாதிரி காற்றில் தட்டிக் காட்டினார். அவரும் கட்டட வேலைக்காரராக இருக்கும். அவர் யாருக்காவது பொய்க் கணக்குப் போட்டிருப்பாரா? முகத்தைப் பார்த்தால் தெரியுமா? என் முகத்தைப் பார்த்து இத்தனை வருஷத்தில் யாருக்குத் தெரிந்தது?

வெளியே போனதும் போன் பண்ண வேண்டும். தூத்துக்குடியில் இப்போது பன்னிரண்டு மணி. இன்று வெள்ளி, டயாலிசிஸ் இல்லாத நாள், பாக்கியநாதன் சாப்பாட்டுக்கு முன்னால் முன்னறையில் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பான். போன மாதம் விடைபெறப் போனபோது கட்டிலில் சாய்ந்து கிடந்தான், கை முழுக்க ஊசித் தழும்பு, கன்னம் ஒட்டிப்போய்க் கண் மட்டும் பழைய கண். "வாரம் மூணு நாளு, நாலு நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கணும்லே. போன்ல கட்டடமாப் பாக்கேன். ஜப்பான்ல ஒரு தீவு இருக்கு, உன் மவ இருக்க ஊருக்குப் பக்கந்தான். அங்க ஒரு ஹால், தூணே கிடையாது, மேல தொறந்து கெடக்கு. உள்ள போட்டோ எடுக்க விடமாட்டானாம். நீ போயிப் பாத்துட்டு எனக்குச் சொல்லு. உன் வாயால கேட்டாப் போதும்." உன் வாயால. அவன் மனைவி ஸ்டெல்லா காபி கொண்டுவந்து வைத்தாள். சிவசைலம் காபியைப் பார்த்துக்கொண்டே சரி என்றார். வேறு என்ன சொல்வது? அந்த ஒரு ஹால் வேண்டாம், வேறு எதை வேண்டுமானாலும் பார்த்துச் சொல்கிறேன் என்றா? நேற்று இரண்டு தடவை செய்தி அனுப்பிவிட்டான், மறந்துராதே, வெளிச்சம் எப்படி விழுதுன்னு பாரு.

வெளிச்சம் சாய்ந்து ஒரு முட்டை வடிவமாகத் தரையில் கிடந்தது. அதற்குள் ஒரு சின்னக் குழந்தை போய் நிற்க அதன் தாய் மெல்ல இழுத்துக்கொண்டாள். பிள்ளைகள் வெளிச்சத்துக்குள் போய் நிற்கும் என்று நாதன் முப்பத்திரண்டு வருஷம் முன்னாலேயே சொன்னான். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடம், பிரார்த்தனைக்கும் படிப்பதற்குமாக ஒரு ஹால். இருவரும் மதுரையில் ஒரே அறையில் மேஜை போட்டு ஆபீஸ் தொடங்கி ஐந்தாவது வருஷம். அவன் வரைவான், இவர் அது நிற்க வழி சொல்வார். அவன் தூண் இல்லாமல் வட்டமாக ஒரு ஹால் வரைந்தான், நடுவில் ஆகாயம், கீழே கூழாங்கல் பரப்பிய பள்ளம். பள்ளித் தாளாளர் அறையில் மின்விசிறி கடகடவென்று சுற்ற, தாளாளர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மழை பெஞ்சா?" என்றார். "பெஞ்சா பிள்ளைங்க பாக்கட்டும் ஐயா. நம்ம கரிசக் காட்டுல வருஷத்துக்கு எத்தனை நாள் மழை? வர்ற அன்னைக்கு ஒரு மரியாதை செய்வோமே" என்றான். கமிட்டி முழுக்கச் சிரித்தது. தாளாளர் எழுந்து வந்து அவன் தோளில் கை போட்டார். பிறகு, அறைக்குள் இன்னொரு ஆளும் இருப்பது அப்போதுதான் தெரிந்த மாதிரி, "இவுக?" என்றார். "என் பார்ட்னர் ஐயா, சிவசைலம்." "ஓ. கம்பிக் கணக்குப் போடுறவுகளா. நல்லது, நல்லது." அவ்வளவுதான். அதில் கெடுதல் ஒன்றும் இல்லை. மனுஷன் மரியாதையாகத்தான் சொன்னார். கம்பிக் கணக்குப் போடுகிறவன்தானே. ஆனால் மதுரை வரை பஸ்ஸில் நாதன் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளிச்சத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தான். இவருக்கு அந்த "நல்லது, நல்லது" மட்டும் திருமங்கலம் தாண்டியும் காதுக்குள் கேட்டுக்கொண்டிருந்தது.

அதனால்தானா? அப்படி ஒரு வார்த்தைக்காகவா ஒருத்தன் ஒருத்தனை அழிப்பான்? இல்லை, பயம், பயம்தான் காரணம், பிள்ளைகள் உட்காரும் இடம், தலைக்கு மேல் அத்தனை டன் கனம், பயப்படாதவன் இஞ்சினியரே இல்லை. இந்த இடத்தில் வந்து மனசு கொஞ்சம் இளைப்பாறும். எத்தனையோ தடவை இளைப்பாறியிருக்கிறது. உடனே அந்தப் பதினோரு தாள் வந்து நிற்கும். மூன்று நாள் உட்கார்ந்து போட்ட கணக்கு, பதினோரு முழுத்தாள், கடைசித் தாளில் விடை. நின்றது. ஓட்டையைச் சுற்றி ஒரு வளையப் பீம், விளிம்பை இரண்டு அங்குலம் கூட்டினால் போதும், நன்றாகவே நின்றது. அன்று அவர் பேனாவை மூடிவிட்டுச் சந்தோஷப்பட்டாரா? பட்டார். ஒரு நிமிஷம் பட்டார், அது நன்றாக ஞாபகம் இருக்கிறது, ஏனென்றால் அடுத்த நிமிஷம் அந்தச் சந்தோஷம் யாருக்குப் போகப்போகிறது என்று தோன்றிவிட்டது. பிறகு புதுத் தாள் எடுத்தார். கலவையின் பலம் என்று எழுதுகிற இடத்தில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்து எழுதினார். நம்ம ஊர் மேஸ்திரி கலக்குகிற கலவைதானே, எவ்வளவு வந்துவிடும், ஜாக்கிரதையாகப் போடுவது தப்பா. கணக்கு பொய் சொல்லாது. நாம் அதற்கு ஊட்டுவதை அது சொல்லும். ஆறாவது தாளிலேயே விழுந்துவிட்டது. ஜாக்கிரதை, ஜாக்கிரதைதான், ஜாக்கிரதைக்கு ஒருத்தன் ஏன் வெட்கப்பட வேண்டும் என்று மனசு மறுபடி கிளம்பும், கிளம்பி நாலு அடி போனதும் செல்லையா மேஸ்திரி குறுக்கே வந்து நிற்பார். அதே பள்ளிக்கூடத்தில் வகுப்பறைக் கட்டடம் செல்லையா கைவேலை. அதே கலவையை இரும்பு அச்சில் ஊற்றி, இருபத்தெட்டு நாள் தண்ணீரில் போட்டு, காலேஜ் லேபில் நொறுக்கிப் பார்த்த ரிப்போர்ட் அதற்கு முந்தின வாரம்தான் அவர் கைக்கு வந்திருந்தது. கேட்டதைவிடக் கூடுதல் பலம். அந்த ரிப்போர்ட் அவர் மேஜை இழுப்பறையில் இருந்தது. அதைத் தெரிந்துகொண்டேதான் எழுதினார். இதற்குமேல் போக வழி கிடையாது. முப்பத்திரண்டு வருஷமாக இந்த இடம் வரைக்கும்தான் வர முடிந்திருக்கிறது, வந்து முட்டிக்கொண்டு திரும்பிப் போக வேண்டியதுதான்.

காற்று அந்த வட்டத்துக்குள் இறங்கி ஓர் இலையை உருட்டிக்கொண்டு போனது. யாரோ இருமினார்கள், இருமல் கூடத்தைச் சுற்றிவந்து மெல்ல அடங்கியது. இங்கே பொய் சொன்னால் இப்படித்தான் சுற்றி வரும். நிக்காது. நாலே எழுத்து. கமிட்டி கூடியிருக்க, தாளை முன்னால் வைத்து, "நிக்காது ஐயா. நாலு தூண் குடுத்து மேலே மூடிரலாம்" என்றார். அறையில் எல்லாரும் முதல்முறையாக அவர் முகத்தைப் பார்த்தார்கள். தாளாளர், "பெரிய ஆபத்துலருந்து காப்பாத்துனீக" என்றார். அந்த நிமிஷம் இனித்தது, அதைச் சொல்லாமல் விடக் கூடாது, இனித்தது. நாதன் சண்டை போடுவான் என்று நினைத்திருந்தார். கணக்கைக் காட்டு என்பான், தாள் தாளாகப் புரட்டுவான், கலவை என்று எழுதிய இடத்தில் விரலை வைப்பான், வைத்தால் ஒத்துக்கொண்டுவிடலாம் என்றுகூட ஒரு மூலையில் நினைத்திருந்தார். அவன் தாளைத் தொடவே இல்லை. முகம் வெளுத்துப்போய், "நீ சொன்னாச் சரிலே" என்றான். நீ சொன்னாச் சரி. அதற்குப் பிறகு அவன் கை மாறிவிட்டது. நாலு தூணுக்கு இடையில்தான் வரைந்தான், வீடு, கடை, கல்யாண மண்டபம், எல்லாம் பெட்டி பெட்டியாக. மூன்று வருஷத்தில் ஆபீஸை விட்டுவிட்டுத் தூத்துக்குடியில் ஒரு பாலிடெக்னிக்கில் வாத்தியாராகப் போய்ச் சேர்ந்தான். கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது பரவாயில்லை, அவன் கும்பிட்டுவிட்டுப் போனான். அங்கே ஒவ்வொரு வருஷமும் புதுப் பிள்ளைகளிடம் அந்தக் கதையைச் சொல்வானாம். கோமதி கல்யாணத்தில் பந்தியில் உட்கார்ந்திருந்த அத்தனை பேர் முன்னாலும் சொன்னான், "இந்த மனுஷன் அன்னைக்கு நிக்காதுன்னு ஒரு வார்த்தை சொல்லலைன்னா, நான் நூறு பிள்ளைங்களைக் கொன்ன பாவியா இருப்பேன்" என்று. சொல்லும்போது கண் கலங்கியது. கேட்டவர்கள் சிவசைலத்தின் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். அவர் பாயசத்தைக் குனிந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். திட்டினால் துடைத்துக்கொண்டு போகலாம், நன்றியை எங்கே கொண்டுபோய்த் துடைப்பது?

சொல்லிவிடலாமா? சொல்லாமலும் இருக்கலாம். ஹால் பெரிசுலே, நல்லாருக்கு, வெளிச்சம் முட்டை மாதிரி விழுது, அவ்வளவு சொன்னால் அவன் சந்தோஷமாகச் சாப்பிடப் போவான். அவனுக்கு இன்னும் எத்தனை நாளோ. டாக்டர் ஸ்டெல்லாவைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறார். சாகப்போகிறவன் கையில் இருக்கிற கொஞ்ச நிம்மதியைப் பிடுங்கி நான் போர்த்திக்கொண்டு தூங்குவதா. அதுவும் ஒரு திருட்டுதான். ஆனால் சொல்லாமல் அவன் போய்விட்டால்? மாதாகோயிலில் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கும்போது எவனாவது ஒரு பழைய மாணவன் வந்து, சார் உங்களைப் பத்திச் சொல்லாத நாளே கிடையாது என்பானே. நாதனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தால்? எப்போதோ ஒரு நாள் உட்கார்ந்து கணக்கைப் போட்டுப் பார்த்திருந்தால், பார்த்துவிட்டு இத்தனை வருஷம் இவர் வாயிலிருந்து வருமா என்று காத்திருந்தால்? அந்த நினைப்பு வந்ததும் வெளிச்சத்துக்குள் இருந்த தரை கண்ணைக் கூசச் செய்தது. இல்லை, நாதன் அப்படிப் போட்டுப் பார்க்கிறவன் இல்லை. போட்டுப் பார்க்கிறவனாக இருந்திருந்தால் தப்பித்திருப்பான். எங்கோ ஒரு மணி மெல்ல ஒலித்தது. வெள்ளைக் கோட்டுப் பெண்கள் இருவர் வாசலில் வந்து நின்று குனிந்தார்கள். நாலேகால் மணிப் படகுக்கு நேரமாகிவிட்டது. சிவசைலம் சுவரில் கை ஊன்றி எழுந்தார். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை.

படகுத்துறையில் கடல் ஏரி மாதிரி அசையாமல் கிடந்தது. கோமதி டிக்கெட் காட்டப் போனாள். "நாதன் மாமா காத்துக்கிட்டிருப்பாங்கப்பா, பேசிருங்க. படகு நடுக்கடலுக்குப் போனா சிக்னல் கிடைக்காது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் போன் போட்டதும் முதல் மணியிலேயே நாதன் எடுத்தான்.

"போனியாலே?"

"போனேன். இப்பத்தான் வெளிய வாரேன்."

"சொல்லு. அவசரப்படாம சொல்லு. நான் கண்ணை மூடிக்கிட்டேன்."

சொன்னார். வாசல், குளிர், சுவரும் கூரையும் ஒன்றாகிற வளைவு, இலை, இருமல் சுற்றி வந்தது, வெளிச்சத்துக்குள் போய் நின்ற குழந்தை. அந்தப் பக்கம் "ம்", "ம்" என்று மட்டும் வந்தது.

"தூண்?"

"ஒண்ணுகூட இல்ல."

"எத்தனை அடி?"

"நூத்திப் பதினஞ்சு."

"அம்மாடி. விளிம்பு கனம்?"

"பத்து இஞ்சு."

குக்கர் விசில் ஒன்று கேட்டது. பிறகு நாதன் மெல்லச் சிரித்தான். "அது ஜப்பான்காரன் சிமிண்டு, ஜப்பான்காரன் கம்பி. நம்ம ஊர்ல ஆவுமா? நல்லவேளை அன்னைக்கு நீ மட்டும்..."

"நாதா. நின்னிருக்கும்."

"என்னது?"

"நம்ம ஹாலு. நின்னிருக்கும்லே."

ஸ்டெல்லா எங்கிருந்தோ, யாருங்க என்று கேட்க, "சைலந்தான்" என்றான், எப்போதும் சொல்கிற குரலில். பிறகு போனுக்குள் வந்து, பிள்ளையிடம் பேசுவது போலக் கேட்டான், "கணக்கு எங்கயாச்சும் பிசகிருச்சா? போட்டும்லே. வயசுப் பசங்க அப்ப. யாருக்கும் வர்றதுதான."

கதவு திறந்திருந்தது. ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவனே மன்னித்து, அவனே ஆறுதல் சொல்லி, இன்னும் ஒரு கதையாக அதை ஸ்டெல்லாவிடம் சொல்லிச் சிரித்திருப்பான். சிவசைலம் அதில் நுழையவில்லை.

"கணக்கு பிசகல. முதக் கணக்குல நின்னுச்சு. செல்லையா கலவை ரிப்போர்ட்டும் நல்லா இருந்துச்சு. தெரிஞ்சேதான் கொறச்சுப் போட்டேன்."

மூச்சு மட்டும் வந்துகொண்டிருந்தது, படியேறியவன் மூச்சு மாதிரி.

"ஏன்லே?"

அத்தனை வருஷம் அடுக்கி வைத்திருந்த காரணங்கள், பயம், ஜாக்கிரதை, கம்பிக் கணக்கு, நல்லது நல்லது, ஒன்றும் வாய்க்கு வரவில்லை. வந்தாலும் அவனிடம் சொல்லும்படி இல்லை. "பொறாமைலே" என்றார். சொன்னபோது அது அத்தனை சின்னதாக இருந்தது.

நாதன் கோபப்படவில்லை. அழவும் இல்லை. வெகு தூரத்தில் வேறு யாரிடமோ பேசுகிறவன் போலப் பேசினான். "நான் ரிட்டயர் ஆவற வருசம் ஒரு பொண்ணு. உடங்குடிப் பொண்ணு. பஸ் ஸ்டாண்டு ஒண்ணு வரைஞ்சு கொண்டாந்தா, தூணே கெடையாது, பறவை றெக்கை விரிச்சாப்ல. நல்லாருந்துச்சு சைலம். நெஜமாவே நல்லாருந்துச்சு. நான் உன் கதையைச் சொன்னேன். சொல்லி, அழிச்சிட்டுத் தூணு வையிம்மான்னேன். அவ என் முன்னாலயே அழிச்சா." அவனே தொடர்ந்தான். "இருபத்தஞ்சு பேட்ச்சுக்குச் சொல்லிருக்கேன்லே. இன்னும் எத்தனை பேரு அழிச்சாங்கன்னு எனக்குத் தெரியாது. அவ பேருகூட வரமாட்டேங்கு."

"நாதா..."

"பேரு வரமாட்டேங்கு" என்றான் மறுபடி. "ஸ்டெல்லா, அந்தப் பழைய வருகைப் பதிவு நோட்டெல்லாம் எங்க கெடக்கு?" என்று அவன் உள்பக்கம் திரும்பிக் கேட்பது காதில் விழுந்தது. பிறகு, "வைக்கேன்" என்றான். வைத்துவிட்டான்.

தான் அழித்தது ஒருத்தனை, ஒரு ஹாலை என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தார். படகு ஊதியது. ஏறி மேல்தளத்தில் உட்கார்ந்து பையைப் பக்கத்து இருக்கையில் வைத்தார், வைத்ததுகூடத் தெரியாமல். மீண்டும் போன் போட்டார், அடித்துக்கொண்டே இருந்தது. தீவு விலகியது, மலையில் அந்தக் கூடம் எங்கே இருக்கிறதென்று இங்கிருந்து தெரியவில்லை. கோமதி இரண்டு பேப்பர் கப்பில் சூடாகத் தேநீர் வாங்கிக்கொண்டு காற்றில் முடி பறக்க வந்து நின்றாள்.

"பேசுனீங்களா? மாமாவுக்கு ரொம்பச் சந்தோஷமா இருந்திருக்குமே."

"இல்லம்மா."

"ஏன்ப்பா?"

சிவசைலம் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உக்காரு" என்றார்.